பேட்டையில் இறங்காதவர்

ஜூலை 29, செவ்வாய்

நயினார் சொல்லிக்கொண்டே இருப்பான்: "பதிப்பு மாத்துறப்ப நாட்குறிப்பு எழுது பியூலா. என்னைக்கு எதை ஒடச்சோம்னு பின்னால தேடணும்லா." நான் ஒருநாளும் எழுதியதில்லை. எழுதுகிற வேலை அவனுடையது, உடைக்கிற வேலை என்னுடையது. இப்போது இரண்டும் என் தலையில் விழுந்திருக்கிறது.

பின்னால் நானே படித்துக் குழம்பக் கூடாது என்பதற்காக முதலிலிருந்து எழுதுகிறேன். 'டபுள் விசில்' நானும் ஆறுமுகநயினாரும் சேர்ந்து செய்த செல்போன் விளையாட்டு. விளையாடுகிறவர்தான் டிரைவர். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன் வழியாகப் பேட்டை வரை டவுன் பஸ் ஓட்ட வேண்டும். கண்டக்டரின் குரல் நயினாருடையது. "உள்ள போங்க உள்ள போங்க, படியில நின்னு என்னத்தப் பாக்கீய" என்று அவன் கத்துவதைக் கேட்பதற்காகவே நாலாயிரம் பேர் விளையாடுகிறார்கள்.

இந்த மாதிரி விளையாட்டுகளை வெறுந்தரையில் கட்ட முடியாது. கடைக்கால் போல ஒரு ஃபிரேம்வொர்க் வேண்டும். எங்களுடையது மூன்றாம் பதிப்பில் கட்டியது. நான்கு வந்து இரண்டு வருஷம் ஆயிற்று. மாற்றிவிடலாம் என்று அவன் கெஞ்சினான். ஓடுகிற பஸ்ஸை எதற்கு ஒர்க் ஷாப்பில் விடவேண்டும் என்றேன். இன்று ஆப் ஸ்டோர் என்கிற செயலிக்கடையிலிருந்து கடிதம் வந்துவிட்டது: ஆகஸ்ட் 31க்குள் நான்குக்கு மாறாவிட்டால் விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

அவன் இல்லாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. டிசம்பர் பத்தாம் தேதி வழக்கம்போல் ஐந்தரைக்குக் கிளம்பினான், நான் ஆபீசைப் பூட்டினேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நான்கு மணிக்கு வடிவு வந்தாள். சங்கரவடிவு, நயினாரின் மனைவி. பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவன் போனதிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. முறுக்கோ கடலை மிட்டாயோ கொண்டுவருவாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் ஒரு நடை பஸ் ஓட்டிவிட்டு, எழுந்து போவாள்.

இன்று ஓட்டவில்லை. பழைய போன் கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். புதுசு வாங்கியிருக்கிறாள். அதில் எங்கள் பஸ் ஏறவில்லை. "இந்தச் சாதனத்துக்கு ஏற்றதல்ல" என்று வருகிறது.

"அப்ப அவுக குரல் போயிருமாக்கா?"

"போகாது. நான் புதுப் பதிப்புக்கு மாத்திட்டிருக்கேன். முப்பத்தொண்ணுக்குள்ள உன் போன்ல ஓடும்."

"வேற எங்கயும் அவுக குரல் இல்ல. கல்யாண வீடியோல மேளம்தான் கேக்கு."

போகும்போது எப்போதும் கேட்பதைக் கேட்டாள். "அன்னைக்குக் கெளம்புறப்ப அவுக எப்படி இருந்தாகக்கா?"

எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "சிரிச்சிட்டுதான் போனான்."

அவள் தலையாட்டினாள். முறுக்கு கொஞ்சம் நமுத்திருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோப்புகளை நான்காம் பதிப்புக்கு மாற்றும் கருவியை ஓடவிட்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகள். எல்லாம் என் கோப்புகளில். நயினாரின் கோப்புகளில் ஒன்றுகூட இல்லை. செத்த பிறகும் என்னைவிட நல்ல புரோகிராமர் என்று காட்டிக்கொள்கிறான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நல்ல புரோகிராமரும் இல்லை, ஒன்றும் இல்லை. அவனுடைய கோப்புகளைக் கருவி தொடவே இல்லை.

காரணம் பிள்ளையார். மளிகைச் சீட்டு எழுதினாலும் தலையில் ஒரு 'உ' போடாமல் பேனாவை நகர்த்தாத ரகம் நயினார். அவன் எழுதிய ஒவ்வொரு கோப்பிலும் முதல் வரி பிள்ளையார் சுழி. "கம்ப்யூட்டருக்கு என்னடே பிள்ளையார்?" என்று கேட்டால், "நீ வேணும்னா சிலுவை போட்டுக்கோ, யாரு வேண்டாம்னா" என்பான். நான் ஒன்றும் போடமாட்டேன். எந்தக் கோப்பு யாருடையது என்பது எங்களுக்குத் தெரிவது அப்படித்தான்.

கோப்பு எந்தப் பதிப்புக்கு எழுதியது என்பது முதல் வரியில் இருக்கவேண்டும் என்பது நான்கின் சட்டம். கருவி முதல் வரியைப் படிக்கிறது, 'உ' என்று இருக்கிறது, விளங்கவில்லை, விட்டுவிடுகிறது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமி அறை வாசலில் செருப்போடு நிற்கிற ஆள் மாதிரி மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

அழிக்க மனம் வரவில்லை. என் ஆண்டவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், நயினார் கோபித்துக்கொள்வான். ஒரே கட்டளையில் எல்லாப் பிள்ளையாரையும் ஒரு வரி கீழே இறக்கினேன். மேலே பதிப்பு எண், இரண்டாவது வரியில் 'உ'. கருவி சமாதானமாகி வேலையைப் பார்த்தது.

சுவரில் ஒட்டியிருக்கும் நவம்பர் மாதப் பட்டியலில் நயினாரின் கோப்புகள் அறுபத்து மூன்று. கருவி அறுபத்து நான்கு என்கிறது. இரண்டு தடவை எண்ணினேன். பெயர்களை ஒப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பசி, செய்யவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பஸ் ஓடிவிட்டது! நான்காம் பதிப்பில் முதல் நடை. ஜங்ஷன் பாலத்தில் மட்டும் சக்கரம் ரோட்டுக்குள் புதைகிறது, அது சில்லறை வேலை. நயினாரின் குரல் தெளிவாக இருக்கிறது, முன்பைவிடத் தெளிவு. வடிவு வந்தபோது கேட்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு வழக்கமான கேள்வி, வழக்கமான பதில்.

ஒரே ஒரு பிழை. திரையின் மூலையில் பஸ்ஸுக்குள் எத்தனை பேர் என்று காட்டும். பேட்டையில் எல்லாரும் இறங்கியதும் பூஜ்யம் ஆகவேண்டும். ஒன்று என்று நிற்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

எண்ணும் கணக்கில் பிழை இல்லை. உண்மையிலேயே ஒருவர் இருக்கிறார்.

டிரைவர் தலைக்கு மேல் கண்ணாடி வைத்திருக்கிறோம். பேட்டையில் நிறுத்திவிட்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கம், மூன்றாவது சீட், ஜன்னலோரம். தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருக்கிறது. நீலக் கட்டம் போட்ட சட்டை. எங்கள் பயணிகளுக்கு மொத்தம் ஒன்பது சட்டைகள், எல்லாமே ஒற்றை நிறம். கட்டம் வரைய எனக்குச் சோம்பல், அதனால் கட்டமே கிடையாது.

அந்த ஆளோடு திரும்பப் பாளையங்கோட்டைக்கு ஓட்டினேன். பள்ளத்தில் இறங்கினால் அவர் தலை ஆடுகிறது. மற்றவர்கள் ஆடவில்லை. பயணிகளின் தலை ஆடும்படி நாங்கள் எழுதவே இல்லை.

கீழ்க்கடை சுடலைமுத்து அண்ணாச்சி இரண்டு டீ கொண்டுவந்தார். ஒன்றுதானே சொன்னேன் என்றேன்.

"ஆம்பள ஆள் பேசுத சத்தம் கேட்டுச்சும்மா. யாரோ வந்திருக்காகன்னு நெனச்சேன்."

"அது கம்ப்யூட்டர் அண்ணாச்சி. நயினார் குரல்."

கிளாசைத் திரும்ப எடுக்காமலே போய்விட்டார்.

ஒன்றை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் அந்த ஜன்னலோரத்து ஆளைப் பார்த்து ஏன் பயந்தேன் என்று பின்னால் எனக்கே விளங்காது. நயினார் செத்தது பஸ்ஸில். முருகன்குறிச்சியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பேட்டைக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறான். வழியில் எங்கேயோ மாரடைப்பு. பேட்டையில் இறங்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். பஸ் திரும்பி, ஊரெல்லாம் சுற்றி, மறுபடியும் பேட்டைக்குப் போனது. அதற்கு அடுத்த நடையில் யாரோ தோளைத் தொட்டிருக்கிறார்கள். வடிவு அன்று பேட்டை ஸ்டாப்பில்தான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாளாம். அந்த பஸ் அவளைத் தாண்டி இரண்டு தடவை போயிருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆறு நடை ஓட்டினேன். ஆறு நடையிலும் முருகன்குறிச்சியில் ஏறினார்.

ஆகஸ்ட் 13, புதன்

ஜங்ஷன் பாலம் சரியாகிவிட்டது. மாடுகள் ரோட்டை ஒழுங்காகக் கடக்கின்றன. மின்கட்டணம் கட்டினேன். கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டிப் பழகுகிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி முடித்துவிட்டு வடிவு காலையிலேயே வந்துவிட்டாள், ஆரஞ்சு மிட்டாயோடு. வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. திரையில் பஸ் பேட்டையில் நின்றுகொண்டிருந்தது, கண்ணாடி பெரிதாக இருந்தது. மறைக்க நேரமில்லை.

குனிந்து பார்த்தாள். மிட்டாய் வாய்க்குள்ளேயே இருந்தது, சப்பவில்லை.

"இது யாருக்கா?"

"பிழை. பதிப்பு மாத்துனா இந்த மாதிரி வரும். எடுத்துருவேன்."

"ஏன் எறங்க மாட்டேங்காக?"

"அதான் சொல்லுதேன்லா, பிழை."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கு அவுக என்ன சட்டை போட்டிருந்தாகன்னு ஞாபகம் இருக்காக்கா?"

"வெள்ளைன்னு நெனைக்கேன். எட்டு மாசம் ஆச்சுல்லா."

"ம்" என்றாள். மிட்டாயைக் கடித்துத் தின்றுவிட்டுக் கிளம்பினாள். இன்று அந்த வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

அந்த நீலக் கட்டம் வடிவு நயினாருக்கு எடுத்துக்கொடுத்த தீபாவளிச் சட்டை என்று இப்போதுதான் உறைக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டான். மேஜைவிரிப்பு மாதிரி இருக்கிறது என்றேன். டிசம்பர் பத்தாம் தேதியும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எல்லாப் பயணிகளையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். எண்ணிக்கை பூஜ்யம் என்று அமைத்தேன். ஸ்டாப்புகளில் ஒரு குருவி இல்லை. காலை பதினொரு மணி வெயில், காலி ரோடு, காலி பஸ். கண்டக்டரும் பேசவில்லை, யாரிடம் பேச?

முருகன்குறிச்சி நெருங்கியபோது ஒற்றை விசில் கேட்டது. பஸ் தானாக நின்றது. நான் பிரேக்கைத் தொடவில்லை. கதவு திறந்தது. அவர் ஏறி, மூன்றாவது சீட்டுக்குப் போய், ஜன்னலில் தலையைச் சாய்த்தார். பிறகு டபுள் விசில்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, வெளியே போய் வெயிலில் நின்றேன். அண்ணாச்சி கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. உண்மையான டவுன் பஸ் ஒன்று போயிற்று. மூன்றாவது சீட்டைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆகஸ்ட் 20, புதன்

திருத்தம். ஜூலை 29ஆம் தேதிக் குறிப்பில், நயினார் ஐந்தரைக்குக் கிளம்பினான், நான் ஆபீசைப் பூட்டினேன் என்று எழுதியிருக்கிறேன். தவறு. அன்று மதியத்துக்குமேல் நான் ஆபீசில் இல்லை. சர்ச்சில் கேரல் பயிற்சி. அவன் எப்போது கிளம்பினான் என்று எனக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டு போனானா என்பதும் தெரியாது.

வடிவு முதல் வெள்ளிக்கிழமை வந்து கேட்டபோது, அழுகிற பெண்ணிடம் வேறு என்ன சொல்வது என்று அப்படிச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்னால் மறு தடவையும் சொல்லத்தானே வேண்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஐந்து நிமிஷ வேலையை இன்று செய்தேன். பதினைந்து நாள் தள்ளிப்போட்டதற்குப் பசி காரணமில்லை. பெயர்களை ஒப்பிட்டால் பக்கத்திலேயே தேதியும் இருக்கும்.

அறுபத்து நான்காவது கோப்பு. டிசம்பர் 10, மாலை 4.51. நயினார் கடைசியாக எழுதியது. மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு கோப்பையும் நாம்தான் விளையாட்டோடு சேர்க்கவேண்டும், அவன் இதைச் சேர்க்காமல் போட்டு வைத்திருக்கிறான். நான்கு அப்படியில்லை, கோப்புகள் கிடக்கிற பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் கேட்காமலே ஏற்றிக்கொள்கிறது. அதனால்தான் மாற்றிய பிறகு அவர் ஏறினார்.

தலையில் 'உ'. அதன் கீழே இப்படி இருக்கிறது:

"பியூலாவுக்குக் கிறிஸ்மஸ் பரிசு. முருகன்குறிச்சியில ஏறுவாரு, தூங்கிருவாரு, என்ன செஞ்சாலும் எறங்க மாட்டாரு. பிழைன்னு நெனச்சு ரெண்டு நாள் தேடட்டும். அவ குரல்ல எழுப்புனாத்தான் எந்திரிப்பாரு. கேம்ல ஒரு வார்த்தை பேசுன்னு அஞ்சு வருசமா கெஞ்சுதேன், வேற வழி தெரியல. சட்டை என்னோடதுதான், மேஜைவிரிப்பு."

கோப்புக்குப் பக்கத்தில், குரலைப் பதிந்து போட ஒரு காலிப் பெட்டி. பெயர்: பியூலா குரல்.

அப்பாடா என்றுதான் இருக்கவேண்டும். பேயும் இல்லை பிசாசும் இல்லை, பாவிப்பயல் செய்த குறும்பு. சிரித்தேன்கூட. ஆனால் நயினார் இதை எழுதி முடித்து ஒரு மணி நேரத்துக்குள், நிஜ பஸ்ஸில், அதே முருகன்குறிச்சியில், அதே சட்டையில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். யார் யாரைப் பார்த்து நடந்துகொண்டார்கள் என்று யோசிக்கக் கூடாது. யோசித்தால் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வடிவிடம் காட்டினேன். அவனுடைய எழுத்து, அவளுக்கு உரிமை உண்டு. இரண்டு தடவை படித்தாள். 'மேஜைவிரிப்பு' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நாலு அம்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. நீங்க பக்கத்துலதானக்கா இருந்தீங்க? என்னமோ எழுதுதாகளேன்னு எட்டிப் பாக்கலியா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "டீ குடிக்கப் போயிருந்தேன்" என்று வந்தது.

"அம்பத்தொண்ணுக்கா?"

"அந்த நேரந்தான்."

"ம்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அவரை எடுத்துவிட இப்போது முடியும். அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும். விரல் போகவில்லை. நயினார் கடைசியாகச் செய்த காரியம் அது.

எழுப்பிவிடலாம் என்று மைக்கை எடுத்தேன். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, "பேட்டை வந்தாச்சு, இறங்குங்க" என்று பேசிப் பெட்டியில் போட்டேன். பேட்டையில் என் குரல் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி பேசினேன். சத்தமாக, மெதுவாக, அதட்டி. பதினேழு தடவை. பாடகர் குழுவில் இருபது வருஷம் பாடிய தொண்டை கம்மிவிட்டது. கண்ணாடியில் அந்தத் தலை அப்படியே சாய்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கோப்பில் மேலே உள்ள வரிகளை மட்டும் படித்துவிட்டு நான் பெரிய மேதாவி மாதிரி நிறுத்தியிருக்கிறேன். கோப்பின் கடைசியில் இன்னொரு குறிப்பு:

"அவ ஒரு வார்த்தையில முடிச்சிருவா. பத்து செகண்டுக்குக் கொறஞ்சா எந்திரிக்கக் கூடாது."

என்னை நன்றாக அளந்து வைத்திருக்கிறான். பத்து செகண்டு எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 'இறங்கு' என்று சொல்ல ஒரு செகண்டு. மீதி ஒன்பதுக்கு என்ன பேசுவது?

ஆகஸ்ட் 27, புதன்

பேச வரவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

திருத்தம். இதுதான் கடைசித் திருத்தம்.

டிசம்பர் 10, மாலை 3.47. நான் சர்ச்சில் இருக்கிறேன். நயினாரிடமிருந்து செய்தி: "பியூலா, நெஞ்சு ஒரு மாதிரி கரிக்கு. மிச்சத்த நாளைக்குப் பாக்கட்டுமா?"

மிச்சம் என்பது பஸ் ஸ்டாப்புகளில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கவிடுகிற வேலை. என் யோசனை. என் பண்டிகை. மறுநாளே வெளியிட்டாகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான்.

4.02க்கு நான் அனுப்பியது: "கேஸா இருக்கும். சோடா குடி. முடிச்சிட்டுப் போ."

அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினான். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பாடப் போனேன். நட்சத்திரங்களை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் எனக்குப் பரிசு செய்திருக்கிறான்.

மறுநாள் என் போனிலிருந்து அந்த இரண்டு செய்தியையும் அழித்தேன். இந்த எட்டு மாதத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம், பாதிரியாரிடம், யாரிடமும். நான் அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

நாளை வெள்ளி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நான்கு மணிக்கு வந்தாள். கடலை மிட்டாய். நாற்காலியில் உட்கார்ந்து, "எறங்கிட்டாகளா?" என்று கேட்டாள்.

"இல்ல. வடிவு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். இந்த நாட்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நேற்று எழுதியதை அப்படியே வாசித்தேன். வாசித்தால்தான் மாற்றாமல் சொல்வேன், எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். அவள் அழுவாள், கத்துவாள், அடிப்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அவுக போனை எங்கிட்டத்தான குடுத்தாக ஆஸ்பத்திரில. தொறந்த ஒடனே நீங்க அனுப்புனதுதான் மேல இருந்துச்சு. அன்னைக்கே படிச்சிட்டேன்." கடலை மிட்டாய்ப் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க ஆபீசுலயே இல்லன்னும் தெரியும். மொத வெள்ளிக்கிழமை கேக்கத்தான் வந்தேன். சிரிச்சிட்டுப் போனான்னு சொன்னீங்க. சரி, அடுத்த வாரம் சொல்லுவீங்கன்னு போனேன். அடுத்த வாரமும் அதையே சொன்னீங்க. ஒரு வார்த்தை மாறல."

முப்பத்தைந்து வெள்ளிக்கிழமையாவது இருக்கும். இதே நாற்காலி. என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து முறுக்கு கொடுத்துக்கொண்டு, நான் சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணாடியில் தெரிந்த ஆளுக்கு இந்த மாதம் முழுக்கப் பயந்தேன். பக்கத்தில் இருந்த ஆளை ஒருநாளும் பார்க்கவில்லை.

"என்னய மன்னிச்சிரு வடிவு."

"அது தெரியல. இப்பத்தான சொல்லிருக்கீங்க, நான் யோசிக்கணும்." எழுந்துபோய் மைக்கை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அவளே மின்விசிறியையும் நிறுத்தினாள். "இப்ப அவுகள எழுப்புங்க. ஸ்டாப்பு தாண்டி ரொம்ப நேரமாச்சு."

கடிகாரம் பார்க்கவில்லை. ஒரே தடவைதான் பேசினேன்.

"நயினார், நெஞ்சு கரிக்குன்னா எதுக்குடே ஒக்காந்திருக்க? போட்டது போட்டபடி கெடக்கட்டும். நட்சத்திரம் எங்கயும் ஓடிப்போவாது, மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம். வடிவு ஸ்டாப்புலதான் நிக்கா. பேட்டை வந்துட்டு. எறங்கு, வீட்டுக்குப் போ."

பதினான்கு செகண்டு.

வடிவுதான் ஓட்டினாள். பேட்டையில் நிறுத்தினாள், எல்லாரும் இறங்கினார்கள். என் குரல் வந்தது. கண்ணாடியில் அந்தத் தலை நிமிர்ந்தது. எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, படியில் இறங்கினார். நயினாரும் அப்படித்தான் எழுந்தவுடன் சட்டையை இழுத்துவிடுவான். மூலையில் பூஜ்யம் என்று வந்தது. வடிவு திரையைத் தொடவே இல்லை, அவர் நடந்து மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லாமல் போனாள்.

ஆகஸ்ட் 30, சனி

நான்காம் பதிப்பு, கடைக்கு அனுப்பியாயிற்று. அறுபத்து நான்கு கோப்பிலும் 'உ' இரண்டாவது வரியில் இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஏற்றுக்கொண்டார்கள். பஸ் கடையில் இருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

மூன்றே முக்காலுக்கே வாசல் கதவைத் திறந்து வைத்தேன். நாற்காலியைத் துடைத்தேன். நான்கு மணி ஆயிற்று, நாலே கால் ஆயிற்று.

சும்மா இருக்க முடியாமல் ஒரு நடை ஓட்டினேன். சாயங்காலக் கூட்டம். டவுன் வந்தபோது உள்ளே ஐம்பத்தாறு பேர், பதினான்கு பேர் நிற்கிறார்கள். அவர் பேட்டையில் இறங்கிவிட்டார், இது திரும்புகிற நடை. இடப்பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட் காலி. அதை ஒட்டியே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் நிற்கிறார், கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்கிறாள். யாரும் உட்காரவில்லை. இன்னொரு நடையும் ஓட்டிப் பார்த்தேன். சீட் பிடிக்கிற பகுதி என்னுடையது, வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். அந்த சீட்டை விட்டுவைக்கச் சொல்லி எங்கேயும் இல்லை. பிழைப் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை.

அண்ணாச்சி இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

நாலரைக்கு வடிவிடமிருந்து செய்தி வந்தது. இரண்டே வரி.

"போன்ல ஏறிட்டுக்கா.
பேட்டைல எறங்கிட்டாக."

அடுத்த வெள்ளி வருவதாகவோ வரமாட்டேன் என்றோ அதில் இல்லை. பதில் எழுத ஆரம்பித்து, ஒரு வார்த்தையில் முடித்துவிடாதே என்று அழித்து, திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் இரண்டு டீயும் ஆறிவிட்டது. இரண்டையும் நானே குடித்தேன்.